பாபு என்ன சாப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

நீரிழிவு வந்த பூனையை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள, அதை வளர்ப்பவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று உங்களுக்கு எழுதித் தரும்படி டாக்டர் என்னிடம் கேட்டார். நம் கிளினிக்கில் பதினான்கு வருடம் உதவியாளராக இருந்து, முழங்கால் வலியால் போன பங்குனியோடு நின்றுகொண்டவள் நான். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு நர்சிங் ஹோமில் மனிதர்களைப் பார்த்துக்கொண்டேன். 'சிஸ்டர்' என்ற பெயர் அங்கிருந்து கூடவே வந்துவிட்டது. கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருகிறவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஊசியை எப்படிப் பிடிப்பது, தோலை எங்கே தூக்குவது, காதில் எங்கே குத்தி ரத்தம் எடுப்பது என்பதெல்லாம் உள்ளறைச் சுவரில் படமாக ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே நான் எழுதுவது ஒரே ஒரு பூனையைப் பற்றி. நான் தினமும் டைரி எழுதுகிறவள். கீழே வரும் நாட்களும் எண்களும் அதிலிருந்து எடுத்தவை. ஒரே ஒரு நாளுக்கு மட்டும் அதில் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி முதல் வாரத்தில், வேங்கிக்காலிலிருந்து தனலட்சுமி என்பவர் ஒரு பூனையைக் கட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கல்யாண ஜாக்கெட்டுகளுக்குச் சட்டத்தில் பூட்டி ஆரி எம்பிராய்டரி செய்வதில் அந்தப் பகுதியில் பெயர் உண்டு. கூட வந்த கணவர் அருணாசலம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பூனையின் பெயர் பாபு. ஒன்பது வயது, மஞ்சள் நிறம், ஆறு கிலோ இருந்தது நாலரைக்கு இறங்கியிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது என்றார்கள். டாக்டர் சோதித்துவிட்டு நீரிழிவு என்று சொன்னார்.

அருணாசலம் சிரித்துவிட்டார். "எனக்கு காப்பில ரெண்டு ஸ்பூன் ஜாஸ்தி போடறவ, பூனைக்கு எப்டி சக்கர வந்துச்சுன்னு முழிக்கறா பாருங்க டாக்டர்."

வெளியே கிடாவோடு உட்கார்ந்திருந்தவர் காதில் அது விழுந்தது. "இன்னாம்மா, பூனைக்கு சுகரா? அப்ப எங்க கிடாவுக்கு பிரஷர் இருக்குதானு பாத்துட்டே போறேன். சிஸ்டர், எழுதிக்கோங்க."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். தனலட்சுமி சிரிக்கவில்லை. பாபுவின் காதை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"தெனம் ரெண்டு வேள ஊசி போடணும்மா. காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. உங்களால முடியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"நாள் முச்சூடும் ஊசி புடிக்கறவ நானு. துணியில போடறத தோல்ல போடணும், அவ்ளோதானே?"

சொன்னாரே தவிர, முதல் நாள் அவருக்குக் கை நடுங்கியது. சாத்துக்குடியில் குத்தச் சொன்னேன், சரியாகக் குத்தினார். பாபுவிடம் வந்ததும் நடுங்கியது. அருணாசலம், "ஜாக்கெட்டுக்கு ஆடாத கை, பூனைக்கு ஆடுது" என்றார். நான்கு நாள் காலையில் வரச்சொல்லி என் முன்னாலேயே போட வைத்தேன். நான்காம் நாள் நடுக்கம் நின்றுவிட்டது. மருந்தை இழுத்ததும் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, கோட்டைப் பார்ப்பார். நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல. ஒரு யூனிட் என்றால் ஒரு யூனிட்தான், மயிரிழை கூடவோ குறையவோ இருக்காது. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அளவில் அவ்வளவு சுத்தமான கையை நான் பார்த்ததில்லை. இதை டைரியிலும் எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டையும் சொல்லிவிட்டேன். சோறு, இட்லி, பால் வேண்டாம். வேகவைத்த மீன், இல்லையென்றால் கோழி. "அது ஆசப்படறதே அத்தத்தான், கசக்குமா?" என்றார் தனலட்சுமி.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கச் சின்னக் கருவி ஒன்றை வாங்க வைத்தேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி, அடிக்கோல் வைத்து நானே கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, காலைச் சர்க்கரை, காலை ஊசி, மாலைச் சர்க்கரை, மாலை ஊசி, சாப்பிட்டதா. கடைசிக் கட்டத்தில் சாப்பிட்டிருந்தால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. சிவப்பு மையில் தலைப்பு எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தத் திருப்திதான் முதலில் உறுத்துகிறது.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு நாள் காலையில் அவர் அனுப்பிய நோட்டுப் படத்தில், முந்தின நாள் மாலை ஊசிக் கட்டம் காலியாக இருந்தது. உடனே ஃபோன் செய்தேன்.

"வாந்தி எடுத்துச்சு சிஸ்டர். ஒண்ணுமே சாப்புடல. வெறும் வயித்துல ஊசி போட மனசு வரல, அதான் வுட்டுட்டேன்."

"யாரக் கேட்டு வுட்டீங்க?"

"உங்களுக்குப் போட்டேன் சிஸ்டர். எடுக்கல."

"எடுக்கலன்னா திரும்பப் போடணும். உங்க இஷ்டத்துக்கு நிறுத்தறதுன்னா அப்பறம் நாங்க எதுக்கு இருக்கோம்? நாலு நாள் நின்னு சொல்லிக்குடுத்தது எதுக்கு?"

"தப்புதான் சிஸ்டர். இனிமே வுடமாட்டேன்" என்றார்.

மதியம் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிடாத பூனைக்குப் போடாம விட்டாங்களா? நல்ல வேலை செஞ்சாங்க. அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். சரி என்றேன். அன்று மூன்று நாய்களுக்குத் தடுப்பூசி, ஒரு பசுவுக்குக் காயம். அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திட்டுவதற்கு உடனே ஃபோனை எடுத்த கை, 'நீங்கள் செய்தது சரி' என்று சொல்வதற்கு எடுக்கவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஊசி போடுகிறவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தால், நோட்டு மட்டும் சுத்தமாக வரும். அதன்பின் தனலட்சுமியின் நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து கார்த்திகை வந்தது. தீபத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடி ஏறினால் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் தெருவுக்குள் ஆட்டோ வராது. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பூனையைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் யாரும் வர முடியாது. அதனால் தனலட்சுமியை நேரில் வரவேண்டாம் என்று சொல்லி, வழக்கம்போல நோட்டுப் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நான் எண்களை டாக்டரிடம் படித்துக் காட்டுவேன். டாக்டர் சொல்வதை அவருக்குத் தெரிவிப்பேன்.

கொடி ஏறிய மூன்றாம் நாளிலிருந்து எண்கள் ஏற ஆரம்பித்தன. இருநூறுக்குள் இருந்தது இருநூற்று அறுபது ஆயிற்று. பிறகு முந்நூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது. ஆறாம் நாள் டாக்டர் கேட்டார்:

"சாப்பாட்ட ஏதாவது மாத்தினாங்களா?"

"இல்ல டாக்டர். எல்லா நாளும் டிக் இருக்கு" என்றேன்.

நான் யாரையும் கேட்கவில்லை. ஃபோன் என் கையில்தான் இருந்தது, அதில் நோட்டுப் படம் இருந்தது, நான் கட்டத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். டாக்டர் ஒரு யூனிட்டை இரண்டாக ஏற்றச் சொன்னார். எண் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. பதின்மூன்றாம் நாள் மூன்று யூனிட் ஆயிற்று. அன்றும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றும் நான் அதே பதிலைச் சொன்னேன்.

இந்த ஊரில் பல வீடுகளில் கொடி ஏறிவிட்டால், மலைமேல் தீபம் எரிந்து முடிந்து கொப்பரையைக் கீழே இறக்கும்வரை கவிச்சி கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரம். முட்டைகூட வாசலைத் தாண்டாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் நானே என் வீட்டு மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். ஏற்றிவிட்டுக் கிளினிக்குக்கு வந்து, பாபுவின் நோட்டில் எண்கள் ஏன் ஏறுகின்றன என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெளியூரிலிருந்து வந்து, செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர் யாராவது இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் இந்த ஊரில் பிறந்தவள்.

கொப்பரையை இறக்கி இரண்டு நாள் கழித்து, காலை பத்தே முக்காலுக்குத் தனலட்சுமி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார். கையில் பை இல்லை. பாபுவை ஒரு துண்டுத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். அதன் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. பின்னால் வந்த அருணாசலத்துக்குச் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

டாக்டர் உடனே உள்ளே தூக்கிப்போனார். சர்க்கரை அளவைப் பார்த்தோம். கருவியால் காட்டவே முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "காலையில எவ்ளோ இருந்துச்சும்மா?"

"நூத்திப் பத்து டாக்டர். நூறுக்குக் கீழ இருந்தாதான் போடக் கூடாதுன்னு சிஸ்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. அதனால போட்டேன். மூணு."

"எப்படி இருந்தான் அப்ப?"

"சோர்வாத்தான் இருந்துச்சு. கூப்ட்டா தல தூக்கல. வேணாம்னு தோணுச்சு டாக்டர். ஊசிய கீழகூட வெச்சுட்டேன்." அவர் என்னைப் பார்த்தார். "ஆனா சிஸ்டர் வுடக் கூடாதுன்னு சொன்னாங்களே."

நான் பாபுவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் கைக்குள் துடித்தது.

"ராத்திரி என்ன சாப்பிட்டான்?" என்றேன். இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மீனு சிஸ்டர். முந்தாநேத்துதான் கொப்பரைய எறக்கிட்டாங்களே. மீன்காரம்மாவும் வந்துச்சு. ரெண்டு நாளா ஆசையாத் தின்னுச்சு."

"அதுக்கு முன்ன?"

"தயிர் சோறுதான். சில நாளு பாலுல இட்லி."

"எத்தினி நாளா?"

"கொடி ஏறுனதுலேர்ந்து." கேட்கிறார்களே என்று வியப்பவர்போலச் சொன்னார். "கொடி ஏறிட்டா வூட்டுல மீன் ஏது சிஸ்டர்? அதான் ஊருக்கே தெரியுமே."

டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திரும்ப ஊசியைப் பார்த்தார்.

உங்களுக்கு விளங்கும்படி எழுதிவிடுகிறேன். தயிர் சோறால் சர்க்கரை ஏறியது. ஏறியதற்கு நாங்கள் மருந்தை மூன்று மடங்காக்கினோம். பிறகு சோறு நின்று மீன் வந்தது. மருந்து மட்டும் மூன்றிலேயே நின்றது.

இழுப்பு பதினொன்றரைக்கு நின்றது. ஆனால் பாபு கண் விழிக்கவில்லை. அன்று முழுவதும் டாக்டர் வேறு யாரையும் பார்க்கவில்லை. மாலை ஐந்து பத்துக்கு மூச்சு நின்றது.

நான் வெளியே வந்தேன். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் விலங்குகளோடு காத்திருந்தார்கள். தனலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அருணாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அன்னிக்கே சொன்னேன், இவளுக்கு கை ஆடும்னு. ஜாஸ்தி ஏத்திட்டிருப்பா. அவ்ளோ சின்ன ஊசி, ஒரு கோடு தள்ளிப்போனா போச்சு."

தனலட்சுமி என்னைப் பார்த்தார். "ஜாஸ்தி போட்டுட்டேனா சிஸ்டர்? எங்கையிலதான் தப்பாயிடுச்சா?"

பதில் எனக்குத் தெரியும். பத்தே முக்காலிலிருந்து தெரியும். 'உங்கள் கை சரியாகத்தான் போட்டது, தவறு என்னுடையது' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் வராந்தாவில் காத்திருந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. கிளினிக் பெயர் என்ன ஆகும் என்று நினைத்தேன். அருணாசலம் சத்தம் போடுவாரோ என்று நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்: இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை என்றும் நினைத்தேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. மனசத் தேத்திக்கோங்க" என்றேன்.

ஆறுதல் சொன்னதுபோல இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் அதை 'ஆமாம்' என்று கேட்டார்கள். தனலட்சுமியும் அப்படித்தான் கேட்டார். மடியில் இருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவர்கள் பாபுவை எடுத்துக்கொண்டு போனபின் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. "உங்க பதில வெச்சு நான் மருந்த ஏத்தினேன். நானும் அவங்கள நேரடியாக் கேட்டிருக்கணும். ரெண்டு பேர் மேலயும் தப்பு. இதை அவங்களுக்குச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் டாக்டர்."

அன்றைய டைரியில் கடைசி வரி: 'தனலட்சுமியிடம் சொல்ல வேண்டும்.' அதற்கு அடுத்த மூன்று நாட்களிலும் அதே வரி இருக்கிறது. ஐந்தாம் நாள் இல்லை. எட்டாம் நாள் டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "வேங்கிக்கால் அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அந்த நாளுக்குத்தான் என் டைரியில் பக்கம் வெறுமையாக இருக்கிறது. பொய்யை எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதினால் நாளைக்கு நானே படிக்க வேண்டியிருக்கும்.

அதன்பின் நான் செய்ததெல்லாம் வேலை சம்பந்தமானவை. நோட்டில் கடைசிக் கட்டத்தை மாற்றினேன்: 'என்ன சாப்பிட்டது, எவ்வளவு.' பழைய நோட்டுப் படங்களை வைத்து என் டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐப்பசியில் ஒரே ஒரு நாள் எண் திடீரென்று ஏறியிருந்தது. நான் டைரியில் அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு 'டெஸ்ட் ஸ்ட்ரிப் கோளாறா?' என்று எழுதியிருந்தேன். அது அமாவாசை. அன்றும் அவர்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. கொடி ஏறுவதற்கு முன்பே பாபு எனக்கு ஒரு முறை சொல்லிக் காட்டியிருக்கிறான். நான் கருவியைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் வந்த ஒவ்வொரு பூனைக்காரரிடமும் கேட்டேன்: உங்க வீட்ல எந்தெந்த நாள் கவிச்சி கிடையாது? செவ்வாயா, வெள்ளியா, கிருத்திகையா? புரட்டாசி முழுக்கவா? மாலை போடறவங்க இருக்காங்களா? நீங்களும் கேளுங்கள். சாமிக்கு விரதம் இருக்கட்டும், பூனைக்கு வேண்டாம் என்று சிலரிடம் பேசிப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளாத வீட்டில் சண்டை போடாதீர்கள். அந்த நாட்களை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, மருந்தை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். நோட்டு உங்களுக்காகப் பேசாது. நீங்கள்தான் ஃபோனை எடுத்துப் பேச வேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டவள், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லாமலே இருந்தேன். கடைத்தெருவில் இரண்டு முறை தனலட்சுமியைப் பார்த்தேன். இரண்டு முறையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது.

இந்த ஆவணியில், டாக்டர் இதை எழுதச் சொன்னதும், நோட்டைப் பற்றியும் விரத நாட்களைப் பற்றியும் மட்டும் நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் நான் ஏதோ ஒரு தவறிலிருந்து பாடம் கற்ற நல்ல உதவியாளராகத் தெரிந்தேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, முதலில் டாக்டரிடம் போய் அந்த எட்டாம் நாள் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இன்னிக்கே போங்க" என்றார்.

வேங்கிக்காலில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தனலட்சுமி மெஷினை நிறுத்தினார்.

"வாங்க சிஸ்டர். கால் இன்னா ஆச்சு, விந்தி விந்தி வரீங்க?"

உட்கார்ந்தேன். மேஜைமேல் பள்ளிச் சீருடைகள் அடுக்கியிருந்தன. ஜாக்கெட் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆரிச் சட்டம் எங்கே என்று கேட்டேன்.

"அத்த வித்துட்டேன் சிஸ்டர். கல்யாண ஜாக்கெட்டெல்லாம் இப்ப எடுக்கறதில்ல. நேர்த் தையலு மட்டும்தான்."

"ஏன்?"

"கை மேல நம்பிக்க போயிடுச்சு. பட்டுல ஒரு எடம் தப்பாப் போச்சுன்னா அவ்ளோதானே. இவரும் சொல்லிக்கினே இருப்பாரு, பூனைய சாவடிச்ச கைன்னு. வெளாட்டுக்குத்தான் சொல்றாரு." சொல்லிவிட்டு, தைத்து முடித்த சட்டை ஒன்றின் தோள்பட்டையை டேப் வைத்து அளந்தார். அளந்ததையே மறுபடி அளந்தார்.

நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "உங்க கை சரியாத்தான் போட்டுச்சு. மூணுன்னா மூணு. அந்த மூணுதான் தப்பு" என்று ஆரம்பித்தேன். தயிர் சோறு, டிக், டாக்டர் கேட்ட கேள்வி, நான் கேட்காமலே சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். ஐப்பசியில் அவர் ஊசி போடாமல் விட்டது சரி என்று டாக்டர் சொன்னதையும், அதை அவரிடம் நான் தெரிவிக்காததையும் சொன்னேன். வெறும் வயிற்றுக்கு ஊசி வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது சரி, சோர்ந்து கிடந்த பாபுவைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்ததும் சரி, மறுபடி எடுக்க வைத்தது என் பேச்சு என்றேன்.

அவர் அழவில்லை. டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"இவரு வராந்தால நின்னு அத்தன பேரு எதுர்ல என்னச் சொன்னாரே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"கேட்டுக்கினு நின்னீங்க."

"ஆமாம்."

"நான் உங்களத்தான கேட்டேன் சிஸ்டர். எங்கையிலயான்னு உங்களத்தான கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார். அவர் குரலை அவ்வளவு உறுதியாக நான் கேட்டதில்லை. திரும்பி உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "ஏங்க! இங்க வாங்க. பேப்பர அப்பறம் படிக்கலாம், இங்க வாங்க."

அருணாசலம் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "அட, பூனை ஆஸ்பத்திரி சிஸ்டரா? நல்லாருக்கீங்களா?" என்றார்.

தனலட்சுமி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொன்னத இவருகிட்டயும் சொல்லுங்க சிஸ்டர். ஒண்ணு வுடாம சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு."

நான் எழுந்து நின்றேன். கொடி ஏறிய நாளிலிருந்து ஆரம்பித்து, மறுபடி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.